மூன்றாம் எண் பார்க்கிங்குக்குக் கீழே ஒரு கிணறு

(மேற்கு மாம்பலத்தில் 16 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு. மே மாதம், வியாழக்கிழமை.)

கல்பனா (செயலாளர்), காலை 7:12
எல்லோருக்கும் வணக்கம். இந்த மாதம் இதுவரை 11 லோடு தண்ணீர் வாங்கியாகிவிட்டது, மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. போர் மோட்டார் இருபது நிமிஷம் ஓடினாலே காற்று இழுக்கிறது. புதிதாக 300 அடிக்குப் போர் போட ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார், நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன். ஸ்பெஷல் கலெக்‌ஷன் போடவேண்டி வரும். திட்டாதீர்கள்.

முரளி, 7:20
போட்டுவிடலாம் மேடம். பின்பக்கக் கட்டடத்தில் போன வருஷம் ஆழமாகப் போட்டார்கள், அதற்கப்புறம்தான் நம்முடையது இப்படி ஆனது.

பார்கவி, 7:24
நாம் 300 போட்டால் அவர்கள் 400 போடுவார்கள். அப்புறம் நாம் 500. பாதாளம் வரைக்கும் போகலாம்.

ஃபைசல், 7:41
போன டிசம்பரில் இதே பார்க்கிங்கில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதும், மோட்டார் வாடகைக்கு எடுத்து ராத்திரி முழுக்க ரோட்டுக்கு இறைத்ததும், அதற்கும் ஒரு ஸ்பெஷல் கலெக்‌ஷன் போட்டதும் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? டிசம்பரில் காசு கொடுத்து வெளியே அனுப்புகிறோம், மே மாதம் காசு கொடுத்து உள்ளே வாங்குகிறோம்.

முரளி, 7:43
அது மழைத் தண்ணீர் தம்பி. இது குளிக்க, துவைக்க.

ஃபைசல், 7:58
சார், ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். பெருக்கினால் ஒரு கிரவுண்டின் மேல் மட்டும் வருஷத்துக்கு 3 லட்சத்து 12 ஆயிரம் லிட்டர் விழுகிறது. நம் இடம் இரண்டு கிரவுண்டு, ஆக 6 லட்சத்து 24 ஆயிரம். 12,000 லிட்டர் லாரியில் 52 லோடு. பாதி வீணாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், 26 லோடு மிச்சம்.

கல்பனா (செயலாளர்), 8:03
26 லோடா??

ஃபைசல், 8:09
2019இல் ஏரிகள் வற்றி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். டிவியில் மாலை போட்டு வரவேற்றதைக் காட்டினார்கள். நம்மைப் போல நாலு கட்டடத்தின் தலையில் ஒரு வருஷம் பெய்யும் மழைதான் அந்த ரயில் முழுக்க.

முரளி, 8:15
எல்லாம் சரி. நம்மிடம்தான் மழைநீர் சேகரிப்பு ஏற்கெனவே இருக்கிறதே, கேட்டுக்குப் பக்கத்தில் மூடி போட்டு.

சுந்தரம் மாமா (தரைத்தளம்), 9:30
இப்போதுதான் வாட்ச்மேனை வைத்து அந்த மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தவை: உடைந்த பூந்தொட்டி இரண்டு, இறுகிப்போன சிமெண்ட் மூட்டை ஒன்று, ரப்பர் பந்து நாலு, பாதாம் மரத்தின் வேர். ஆழம் மூன்று அடி தேறாது. மூன்று பக்கெட் தண்ணீர் ஊற்றச் சொன்னேன், அரைமணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே நிற்கிறது. மொட்டை மாடிக் குழாயை எவரோ எப்போதோ வளைத்து நேரே ரோட்டுக்கு விட்டிருக்கிறார்கள். அதுதான் நம் மழைநீர் சேகரிப்பு.

பார்கவி, 9:33
பந்துகள் என் பையனுடையவை. மன்னிக்கவும் மாமா.

சுந்தரம் மாமா (தரைத்தளம்), 9:52
2003இல் ஜெயலலிதா ஆட்சியில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, கெடுவுக்குள் முடிக்கவேண்டுமே என்று ஊரே பள்ளம் தோண்டியது. நாமும் இரண்டு நாளில் ஒரு கொத்தனாரை வைத்துத் தோண்டினோம், வந்து பார்த்தார்கள், சரி என்றார்கள், முடிந்தது. நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை, 2005இல் கொட்டிய மழைக்குப் பிறகு இந்தத் தெருவில் கிணறுகளில் தண்ணீர் மேலே வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் அதற்கப்புறம் ஒருவர்கூட அந்த மூடியைத் திறந்து பார்க்கவில்லை, நான் உட்பட. லாரிக்குக் கெடு வைத்து எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கச் சொல்கிறோம், இதற்கு ஒரு எஃப்.சி. கிடையாதா? ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை வந்து, மூடியைத் திறந்து, இரண்டு பக்கெட் ஊற்றிப் பார்த்தால் போதும்.

ஜெனிஃபர், 10:05
பெசன்ட் நகரில் என் அக்கா வீட்டில் அதே மாதிரிச் சின்னப் பள்ளம்தான், அங்கே நன்றாக இறங்குகிறதே?

சுந்தரம் மாமா (தரைத்தளம்), 10:18
அது கடலோர மணல் அம்மா, ஊற்றினால் குடித்துவிடும். நம்முடையது களிமண். லேக் வியூ ரோடு என்று நடந்து போகிறோமே, ஏரி எங்கே என்று யாராவது யோசித்தோமா? மயிலாப்பூர் ஏரி என்று நீளமாக ஓர் ஏரி இங்கே இருந்தது, 1920களில் அதைத் தூர்த்துத்தான் தி.நகரை எழுப்பினார்கள். ஏரிப் படுகையில் வீடு கட்டிக்கொண்டு ஏன் தண்ணீர் நிற்கிறது என்று கேட்கிறோம். இங்கே மூன்றடிப் பள்ளம் வேலைக்கு ஆகாது, களிமண்ணைத் தாண்டி மணல் வரும்வரை கிணற்று உறை இறக்கவேண்டும்.

முரளி, 10:40
மாமா, அடிப்படையாக ஒன்று கேட்கிறேன். நாம் செலவு செய்து தண்ணீரைப் பூமிக்குள் இறக்குவோம், பின்பக்கக் கட்டடத்தார் 300 அடி போரில் உறிஞ்சிக்கொள்வார்கள். நமக்கு என்ன லாபம்? கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்துவிட்டன, மீஞ்சூர், நெம்மேலி, 2024இல் நெம்மேலியிலேயே இன்னொன்று, நாளைக்கு 15 கோடி லிட்டர். அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்.

ஃபைசல், 10:56
ஆலையும் வேண்டும் சார், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கரண்டு செலவழித்து உப்பை எடுக்கிறார்கள், நம் மொட்டை மாடியில் உப்பே இல்லாமல் விழுவதைச் சாக்கடையில் விடுகிறோம். நீங்கள் கேட்ட முதல் கேள்விதான் முக்கியமானது, அதை யாரும் கேட்பதே இல்லை. நிலத்தடி நீருக்குக் காம்பவுண்டு சுவர் கிடையாது. தனித்தனியாகச் செய்தால் செய்தவன் ஏமாளி, செய்யாதவன் புத்திசாலி. அதனால்தான் கட்டடத்துக்கு ஒரு பள்ளம் என்று விதி போட்டதற்குப் பதிலாகத் தெருவுக்கு ஒரு கணக்கு என்று போட்டிருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தெருக்கோடியில் ஒரு கிணற்றில் மாதா மாதம் நீர்மட்டத்தை அளந்து எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைத்தால், யார் இறக்குகிறார்கள், யார் இறைக்க மட்டும் செய்கிறார்கள் என்று தெருவே பேசும்.

பார்கவி, 11:02
பேசுமா, சண்டை போடுமா?

ஃபைசல், 11:03
இரண்டும்.

ஜெனிஃபர், 11:20
நான் வாடகைக்கு இருப்பவள், ஓட்டு இல்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். நம் வீடுகளில் வேலை செய்யும் அக்கா இன்று பதினொன்றுக்குத்தான் வந்தார். அவர் இருக்கும் பகுதியில் தெருமுனைத் தொட்டிக்கு லாரி எப்போது வரும் என்று தெரியாது, குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் கூடவே நிற்கவேண்டும், நகர்ந்தால் குடம் பின்னால் போய்விடும். அரைநாள் கூலி போயிற்று. நாம் போன் செய்தால் லாரி வீட்டு வாசலுக்கே வருகிறது. இந்த ஊரில் நிறைய வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டரே கிடையாது, நான் குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கினாலும் அதே பில்தான். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவுகோல். நாம் எவ்வளவு செலவழிக்கிறோம் என்று நமக்கே தெரியுமா?

முரளி, 11:24
மீட்டர் வைத்தால் என் வீட்டில் ஆறு பேர், நான்தான் மாட்டுவேன்.

ஜெனிஃபர், 11:26
ஆளுக்குத்தானே கணக்கு, வீட்டுக்கு இல்லையே அண்ணா.

கல்பனா (செயலாளர்), 11:45
மீட்டர் விஷயம் ஜூன் மீட்டிங்கில். இதையும் இப்போதே பேசினால் யாரும் மதியம் சாப்பிடமாட்டோம். உறை இறக்க இடம் எங்கே, அதைச் சொல்லுங்கள்.

சுந்தரம் மாமா (தரைத்தளம்), 12:30
இடம் தேடவே வேண்டாம். இந்தக் கட்டடம் வருவதற்கு முன் இங்கே ஓட்டு வீடு இருந்தது, பின்கட்டில் கிணறு, கோடையில்கூடக் கை நீட்டி மொள்ளலாம் என்று அந்த வீட்டுப் பாட்டி சொல்வார். (கொஞ்சம் மிகைதான், ஆனால் கயிறு அதிகம் வேண்டியிருக்காது.) பில்டர் அதைத் தூர்க்கவில்லை, மேலே கான்கிரீட் பலகை போட்டு மூடிவிட்டார். மூன்றாம் எண் பார்க்கிங்குக்கு அடியில் இருக்கிறது. மாடிக் குழாயை அதற்குத் திருப்பி, நடுவில் ஜல்லியும் மணலும் போட்ட ஒரு தொட்டி வைத்து, முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட்டால் போதும். பார்க்கிங் தரையில் ஓடும் தண்ணீரை மட்டும் உள்ளே விடக்கூடாது, எண்ணெயும் சாக்கடையும் கலந்துவிடும்.

பார்கவி, 12:34
கிணற்றின் மேல் கார் நிறுத்திவிட்டுத்தான் லாரிக்குப் போன் போடுகிறோமா இத்தனை வருஷமாக.

கல்பனா (செயலாளர்), 12:41
புதுப் போர் கொட்டேஷனை நிறுத்திவைக்கிறேன். முதலில் பலகையைத் திறந்து பார்ப்போம், உள்ளே என்ன நிலைமை என்று தெரியவேண்டும். யாரும் உள்ளே இறங்கக்கூடாது, மூடிக் கிடந்த கிணறு, விஷவாயு இருக்கும். சனிக்கிழமை காலை ஆள் வருவார்கள். மூன்றாம் எண் யாருடையது?

ஃபைசல், 12:42
முரளி சாருடையது.

கல்பனா (செயலாளர்), 12:42
முரளி சார்?

கல்பனா (செயலாளர்), 1:15
முரளி சார், நீல டிக் வந்துவிட்டது.

முரளி, 1:50
சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ஆறரைக்கு எடுத்துவிடுகிறேன். வேலை முடியும்வரை ஃபைசல் தம்பியின் இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன், கணக்கெல்லாம் போட்டவர் அவர்தானே. பைக்கை அவர் ரோட்டில் விடட்டும்.