வீட்டில் செய்த ஷாம்பூ கட்டி தலையில் மெழுகு மாதிரி ஒட்டுகிறது – எந்த எண்ணெயை மாற்றுவது?

வேளச்சேரி_மீரா:

எல்லோருக்கும் வணக்கம். தலைக்குப் போடும் சோப்புக் கட்டியை வீட்டிலேயே செய்கிறேன், அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல் காஸ்டிக் சோடா கலந்து ஊற்றி வைக்கும் முறை. தேங்காய் எண்ணெய் 150 கிராம், பாதாம் எண்ணெய் 150, விளக்கெண்ணெய் 100, கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் 100. காஸ்டிக் அளவை இணையக் கணக்கியில் போட்டுத்தான் எடுத்தேன், 8 சதவீதம் எண்ணெய் மிஞ்சும்படி. ஆறு வாரம் காய வைத்தாயிற்று. உடம்புக்குப் போட்டால் அருமையாக இருக்கிறது. தலையில் மட்டும் நுரையே வருவதில்லை, காய்ந்த பிறகு முடி மெழுகு தடவினது போல இருக்கிறது, சீப்பில் வெள்ளையாக ஏதோ படிகிறது. நாங்கள் இருப்பது அடுக்குமாடி, குளியலறையில் போர் தண்ணீர்தான். கோவையில் இருக்கும் தங்கைக்கும் இதே கட்டியைக் கொடுத்தேன், அவள் நன்றாக இருக்கிறது என்கிறாள், அதுதான் குழப்பம். நல்லெண்ணெய் காரணமா? பாதாமை இன்னும் கூட்டலாமா? முடிக்கு நல்ல எண்ணெய் வேறு எது என்று சொல்லுங்கள், விலை பரவாயில்லை.

சிங்காநல்லூர்_சோப்பு:

மீரா, தங்கை வீட்டில் சிறுவாணித் தண்ணீரா? அப்படியென்றால் வித்தியாசம் எண்ணெயில் இல்லை, குழாயில் இருக்கிறது. சிறுவாணி மென்னீர், உங்கள் போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய. அந்த உப்புகள் சோப்போடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு பிசுக்கு உண்டாகும். தோலில் இருந்து தேய்த்தால் போய்விடும், முடியிடுக்கில் போனால் அப்படியே உட்கார்ந்துகொள்ளும், சீப்பில் நீங்கள் பார்க்கும் வெள்ளை அதுதான்.

நம்பிக்கை இல்லையென்றால் இன்றைக்கே பார்த்துவிடலாம். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி பாட்டில், ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீர். உங்கள் கட்டியிலிருந்தே கத்தியால் கொஞ்சம் சுரண்டி இரண்டிலும் சம அளவு போட்டு மூடிக் குலுக்குங்கள். ஒன்றில் நுரை பொங்கி நிற்கும், மற்றதில் பால் கலந்தாற்போல மங்கி வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும்.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன், ஏனென்றால் புதிதாகச் செய்கிற முக்கால்வாசிப் பேர் இங்கேதான் பணத்தை விடுகிறார்கள். தலையில் தேய்க்க நல்ல எண்ணெய் என்பதும் சோப்புக்கு நல்ல எண்ணெய் என்பதும் ஒன்றல்ல. காஸ்டிக்கோடு சேர்ந்தபின் அது எண்ணெயாகவே இருப்பதில்லை. அதிலுள்ள கொழுப்பு அமிலம் எது என்பதுதான் கட்டியின் குணத்தை முடிவு செய்யும். தேங்காய் எண்ணெயில் பாதிக்குப் பாதி லாரிக் அமிலம், நுரைக்கும் அழுக்கு எடுப்பதற்கும் அதுதான் ஆதாரம். பாதாமில் பெரும்பங்கு ஓலிக் அமிலம், ஆலிவிலும் அதுதான், நம்ம ஊர்க் கடலை எண்ணெயிலும் அதுதான் முதலிடம். பாதாம் போட்ட கட்டியும் கடலை எண்ணெய் போட்ட கட்டியும் தலையில் போட்டால் வித்தியாசம் சொல்வது கஷ்டம், விலை மட்டும் பல மடங்கு. விளக்கெண்ணெய் நுரையைக் கலையாமல் பிடித்து வைக்கும், ஆனால் 15 சதவீதத்துக்கு மேல் போனால் கட்டி மெத்தென்று பிசுபிசுக்கும், நீங்கள் 20 போட்டிருக்கிறீர்கள். நல்லெண்ணெய்மேல் பழி போட வேண்டாம், அது நன்றாகவே சேரும். கரிசலாங்கண்ணியின் சத்து காஸ்டிக்கில் எவ்வளவு மிஞ்சும் என்று நம்பி இருக்காதீர்கள், மூலிகை எண்ணெயைக் குளிப்பதற்கு முன் தலையில் நேரடியாகத் தேய்ப்பதுதான் அதற்கு மரியாதை. சூரியகாந்தி எண்ணெயை யாராவது சொன்னால் கொஞ்சமாக வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் சிக்கு வாடை வந்து கட்டியில் ஆரஞ்சுப் புள்ளி விழும்.

நான் போடும் அளவு: தேங்காய் எண்ணெய் 200 கிராம், கடலை எண்ணெய் 125, நல்லெண்ணெய் 100, விளக்கெண்ணெய் 75. தலைக்கு 8 சதவீத மிச்ச எண்ணெய் கனம், 5 போதும். அதற்குக் காஸ்டிக் 73 கிராம். இதோடு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், 10 கிராம் சேருங்கள். அது காஸ்டிக்கில் ஒரு பங்கைத் தின்றுவிடும், 1 கிராமுக்குச் சுமார் 0.6 கிராம் என்ற கணக்கில் 6 கிராம் கூட்டினால் மொத்தம் 79. தண்ணீர் 160 கிராம். முதலில் சிட்ரிக்கைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, அப்புறம் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், ஒருபோதும் காஸ்டிக்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். எவர்சில்வர் பாத்திரம் சரி, அலுமினியம் கூடவே கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டேயே போகாதீர்கள். உண்டாகிற சோடியம் சிட்ரேட் கடின நீரின் கால்சியத்தைப் பிடித்து வைக்கும், பிசுக்கு குறையும். குறையும் என்றுதான் சொல்கிறேன், முழுக்கப் போகாது. உங்கள் எண்ணெயை மறுபடி கணக்கியில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கொக்குவில்_ரதி:

யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான் மீரா, எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், கிணத்துத் தண்ணியில் எந்தச் சவர்க்காரமும் லேசில் நுரைக்காது. நான் கட்டியை விடவில்லை, ஆனால் முழுகும் முறையை மாற்றிவிட்டேன். மழைத் தண்ணி பிடித்து வைத்திருப்பேன். தலையை நனைப்பதும் நுரையை முதலில் அலசுவதும் அந்தத் தண்ணியில்தான், கடைசியில் எந்தத் தண்ணி என்றாலும் பாதகமில்லை. மழை இல்லாத மாதத்தில் அரை லீட்டர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து தலையில் ஊற்றி ஒரு நிமிடம் விட்டு அலசுவேன். தேசிக்காய்ச் சாற்றை வடித்தும் ஊற்றலாம். எங்கட அம்மம்மா சீயாக்காயோடு தேசிக்காயையும் போட்டு அவிப்பா. சோப்பு காரம், பிஎச் 9, 10 இருக்கும், புளிப்பு ஊற்றினால்தான் முடியின்ர செதில் படியும்.

ஒன்று கேளுங்கோ, சிலர் புளிப்பைக் கட்டிக்குள்ளேயே கூடப் போட்டு பிஎச்சை 5.5-க்குக் கொண்டுவரலாம் என்று எழுதுகிறார்கள். அது நடக்காது. அவ்வளவு அமிலம் சேர்ந்தால் சோப்பு உடைந்து திரும்பக் கொழுப்பு அமிலமாகிவிடும், கட்டியாகவே நிற்காது.

லேப்_கார்த்தி:

மேலே சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டுக்குக் காஸ்டிக் கட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு குளியலுக்கும் வினிகரும் ஆர்.ஓ. தண்ணீரும் எடுத்து வைப்பது எத்தனை நாளைக்கு நடக்கும்? காஸ்டிக் இல்லாமல் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்ற அழுக்கெடுக்கும் தூளை வைத்துச் செய்யும் கட்டியைப் பாருங்கள். சுருக்கமாக எஸ்.சி.ஐ. என்பார்கள், சோப்பு மூலப்பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். அதுவும் தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலத்திலிருந்து வருவதுதான், ஆனால் சோப்பு அல்ல, அதனால் கடின நீரில் பிசுக்குக் கட்டாது, பிஎச்சும் தலைக்கு ஏற்ற மாதிரி அமைக்கலாம். 1957-ல் அமெரிக்காவில் டவ் கட்டி வந்தபோது அதற்கு அடிப்படையே இந்தச் சரக்குதான், புதிது ஒன்றும் இல்லை.

100 கிராமுக்கு எஸ்.சி.ஐ. 60, நுரையைக் கூட்டும் கோகமிடோப்ரொபைல் பீட்டெய்ன் 20, கட்டியை இறுக்கும் மெழுகு மாதிரியான செடைல் ஆல்கஹால் 10, எண்ணெய் 4, மீதி தண்ணீரும் கெடாமல் வைக்கும் பதப்பொருளும். நீராவிச் சூட்டில் வைத்துப் பிசைந்து அச்சில் அழுத்த வேண்டியதுதான். எஸ்.சி.ஐ. தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, முகக்கவசம் அவசியம். ஒரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும்: இங்கே காஸ்டிக் இல்லாததால் நீங்கள் போடும் எண்ணெய் எண்ணெயாகவே இருக்கும். பாதாமோ கரிசலாங்கண்ணி எண்ணெயோ போட ஆசை என்றால் அதற்கு இடம் இதுதான். 5 சதவீதத்தைத் தாண்டாதீர்கள், நுரை படுத்துவிடும்.

சிங்காநல்லூர்_சோப்பு:

கார்த்தி சொல்வது கடின நீருக்குச் சரியான வழி, மறுக்கவில்லை. ஆனால் நாலு எண்ணெயும் காஸ்டிக்கும் வைத்து வீட்டில் செய்ய ஆசைப்படுபவருக்கு அந்தப் பொருள்களின் பெயரே வேண்டாம் என்று தோன்றலாம். இரண்டையும் செய்து பார்த்து முடிவு செய்யட்டும்.

வேளச்சேரி_மீரா:

பாட்டில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஆர்.ஓ. தண்ணீரில் மூடி வரைக்கும் நுரை, போர் தண்ணீரில் ஒரு விரல் அளவுகூட இல்லை, அடியில் தயிர் திரிந்த மாதிரி துணுக்குகள். இத்தனை நாளாக எண்ணெயையே மாற்றிக்கொண்டிருந்திருப்பேன், எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, ரதி அக்கா சொன்ன அளவில் வினிகர் ஊற்றி அலசினேன், சீப்பில் வெள்ளை பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. கடலை எண்ணெய்க் கணக்கை இந்த வாரமே ஊற்றப் போகிறேன், எஸ்.சி.ஐ.யும் கால் கிலோ வாங்கலாம் என்று இருக்கிறேன். பழைய கட்டி ஒன்பது மீதி இருக்கிறது, உருக்கி சிட்ரிக் சேர்த்து மறுபடி ஊற்றலாமா?

சிங்காநல்லூர்_சோப்பு:

வேண்டாம். அதில் காஸ்டிக் மிச்சம் இல்லை, இப்போது சிட்ரிக் போட்டால் அது சோப்பைத்தான் உடைக்கும், ரதி சொன்ன அதே விஷயம். சோடியம் சிட்ரேட்டாகவே வாங்கிக் கரைத்துச் சேர்த்தால் ஆகும், ஆனால் மறுபடி உருக்கின கட்டி கரடுமுரடாகத்தான் வரும். அந்த ஒன்பதையும் உடம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், 8 சதவீத எண்ணெய் தோலுக்கு நல்லதே. விளக்கெண்ணெய் அதிகம் என்பதால் சோப்புப் பெட்டியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் குழைந்துவிடும்.