டென்ஸ் எல்லாம் மனப்பாடம், ஆனால் வாயைத் திறந்தால் வாக்கியம் வரவில்லை

கத்துக்குட்டி:
எல்லாருக்கும் வணக்கம். பன்னிரண்டு டென்ஸையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். ஆனால் நேற்று மீட்டிங்கில் "ஹூ சென்ட் தட் ஃபைல்?" என்று மேனேஜர் கேட்டதும் என் வாயிலிருந்து வந்தது இது: "யெஸ்டர்டே தட் ஃபைல் ஐ ஒன்லி சென்ட்". பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கினார், பார்த்துவிட்டேன். தப்பு எங்கே என்று இன்னும் புரியவில்லை. திரும்ப எங்கிருந்து ஆரம்பிப்பது? மறுபடி டென்ஸா?

பழைய வாத்தியார்:
தம்பி, டென்ஸை அப்படியே ஓரமாக வையுங்கள். நீங்கள் சொன்னது அசல் தமிழ் வாக்கியம், வார்த்தைகள் மட்டும் ஆங்கிலம். "நேற்று அந்த ஃபைலை நான்தான் அனுப்பினேன்" என்பதை ஒவ்வொரு வார்த்தையாக மாற்றியிருக்கிறீர்கள். "தான்" கூட "ஒன்லி" ஆகிவிட்டது!

"நாய் பூனையைத் துரத்தியது" என்று சொல்லுங்கள், அப்புறம் "பூனையை நாய் துரத்தியது" என்று மாற்றிச் சொல்லுங்கள். துரத்தியது இரண்டிலும் நாய்தான், ஏனென்றால் பூனையின் வாலில் ஒரு "ஐ" ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது எங்கே போய் உட்கார்ந்தாலும் அடி வாங்குகிற ஆள் அதுதான் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த ஒட்டு இல்லை. "தி டாக் சேஸ்ட் தி கேட்" என்பதை இடம் மாற்றினால் பூனை நாயைத் துரத்த ஆரம்பித்துவிடும். நாம் வேற்றுமை உருபை வைத்துச் செய்கிற வேலையை அவர்கள் இடத்தை வைத்துச் செய்கிறார்கள். அதனால் யார், என்ன செய்தார், எதை, எங்கே, எப்போது என்ற வரிசையை முதலில் நாக்குக்குப் பழக்குங்கள். "ஐ மெட் ஹிம் அட் தி ஸ்டேஷன் யெஸ்டர்டே." "யெஸ்டர்டே"யை முன்னால் வைத்தாலும் தப்பில்லை, ஆனால் "ஹிம்"மைத் தூக்கி "மெட்"டுக்கு முன்னால் வைக்கக்கூடாது.

இன்னொன்று. நாம் "வந்தேன்" என்று மட்டும் சொல்லலாம், அந்த "ஏன்" விகுதியிலேயே "நான்" இருக்கிறது. ஆங்கிலத்தில் வெறும் "கேம்" என்றால் வந்தது நானா, அவளா, அவர்களா? ஒன்றும் தெரியாது. ஆகவே ஆளைச் சொல்லியே ஆகவேண்டும். ஆளே இல்லாத இடத்தில்கூட ஒரு பொம்மையைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள்: "இட் இஸ் ரெய்னிங்". அந்த "இட்" எதைக் குறிக்கிறது என்று தேடாதீர்கள், எதையும் இல்லை. அதே மாதிரி "அவர் டாக்டர்" என்று நாம் வினையே இல்லாமல் முடிப்போம், அங்கே நடுவில் ஒரு "இஸ்" இல்லாமல் வண்டி நகராது.

மேனேஜருக்குப் பதில் ரொம்பச் சின்னது: "ஐ டிட்." அந்த "நான்தான்" அழுத்தம் "ஐ"யை ஊன்றிச் சொல்வதிலேயே வந்துவிடும்.

கத்துக்குட்டி:
சார், இப்படி யாருமே சொன்னதில்லை. ரொம்ப நன்றி. ஆனால் கேள்வி கேட்கும்போது இந்த வரிசையும் குழம்புகிறதே? "டிட் யூ வென்ட்" தப்பு என்கிறார்கள். போன விஷயம்தானே, "வென்ட்" ஏன் வரக்கூடாது?

இரவுப்பணி:
எனக்கும் இதே இடத்தில்தான் பல வருஷம் இடித்தது. நாம் "போனாயா" என்று கடைசியில் ஒரு "ஆ" போட்டால் கேள்வி முடிந்தது. ஆங்கிலத்தில் ஒரு துணைவினை ஆளுக்கு முன்னால் வரவேண்டும். "யூ ஆர் ரெடி" என்றால் "ஆர்" கையிலேயே இருக்கிறது, தூக்கி முன்னால் போட்டால் "ஆர் யூ ரெடி?". "யூ வென்ட்" என்பதில் தூக்குவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் "வென்ட்" உள்ளே ஒரு "டிட்"டும் ஒரு "கோ"வும் ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். "டிட்" முன்னால் போய்விட்டது, மிச்சம் "கோ". இறந்தகாலத்தை "டிட்" சுமந்துகொண்டு போய்விட்ட பிறகு "வென்ட்" வந்தால் ஒரே மூட்டையை இரண்டு பேர் தூக்குகிற கதை. "ஹீ வொர்க்ஸ்" கேள்வியானால் "டஸ் ஹீ வொர்க்?" ஆவதும் இதேதான், அந்த "எஸ்" "டஸ்"ஸுக்குத் தாவிவிட்டது. "இல்லை" சொல்வதற்கும் இதே கணக்கு: "ஐ டிட் நாட் கோ".

உங்கள் மேனேஜரின் கேள்வியில் "டிட்" இல்லை, கவனித்தீர்களா? அங்கே "ஹூ"தான் வேலையைச் செய்த ஆள், அது ஏற்கெனவே முதலில் நிற்கிறது, எதையும் தூக்கவேண்டியதில்லை.

நேர்வழி:
இலக்கணமெல்லாம் வேஸ்ட் ப்ரோ. நிறைய படம் பாருங்க, தானா வரும்.

இரவுப்பணி:
சின்னக் குழந்தைக்கு வரும். நான் எத்தனையோ படம் சப்டைட்டிலோடு பார்த்துவிட்டு "டிட் யூ வென்ட்" சொல்லிக்கொண்டிருந்தவள். காதுக்குப் பழகும், மறுக்கவில்லை, ஆனால் எதைக் கவனிக்கவேண்டும் என்று தெரிந்துகொண்டு கேட்டால் சீக்கிரம் பிடிபடும்.

பழைய வாத்தியார்:
சண்டை வேண்டாம், இரண்டும் வேண்டும். தம்பி, நீளமான வாக்கியத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். "நேற்று நீங்கள் அனுப்பிய ஃபைலைத் திறந்தேன்." இதைக் கடைசியிலிருந்து பிரியுங்கள். திறந்தேன்: "ஐ ஓபன்ட்". எதை? "தி ஃபைல்". எந்த ஃபைல்? "யூ சென்ட் யெஸ்டர்டே". நாம் விவரத்தையெல்லாம் பெயருக்கு முன்னால் அடுக்குவோம், அவர்கள் பெயரைச் சொல்லிவிட்டு விவரத்தைப் பின்னால் தொங்கவிடுவார்கள். இந்த மாதிரி தினமும் ஐந்து வாக்கியம் எழுதி இங்கே போடுங்கள், திருத்தித் தருகிறேன். "எ", "தி" சங்கதியெல்லாம் அப்புறம் பார்க்கலாம், அதில் தப்பு வந்தாலும் சொல்ல வந்தது பெரும்பாலும் புரிந்துவிடும்.

கத்துக்குட்டி:
முதல் வாக்கியம் இதோ சார், "நான் காலையில் அனுப்பிய ஃபைலைப் பார்த்தீர்களா" என்பதற்கு: "டிட் யூ சா தி ஃபைல் ஐ சென்ட் திஸ் மார்னிங்?"

இரவுப்பணி:
வரிசை பிரமாதம். "சா"வை மட்டும் பாருங்கள், மூட்டையை யார் தூக்கிக்கொண்டு போனார்?

கத்துக்குட்டி:
அடடா. "சீ". டிட் யூ சீ.