கண்மாயில் எடுக்கும் பறவைப் படம் எல்லாம் குழைந்து வருகிறது, லென்ஸ் கோளாறா?

கண்மாய்க்கரை:
வணக்கம், சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. வீட்டுக்குப் பின்னால் வயல், வயலைத் தாண்டினால் கண்மாய். இப்போது மாசியில் தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் கிடக்கிறது, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், உண்ணிக்கொக்கு எல்லாம் அங்கேதான் மேய்கின்றன. போன மாதம் செகண்ட் ஹேண்டில், தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு 70-300 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பதினொரு மணிவாக்கில் போய், கண்மாய்க்குள் இறங்கி, தரையோடு தரையாகப் படுத்து எடுக்கிறேன். கேமராவில் வைத்தது 300 மி.மீ., எஃப் 8, ஷட்டர் வேகம் 1/1600 நொடி, ஐஎஸ்ஓ 400. ஃபோகஸ் புள்ளி பறவை மேலேயே இருக்கிறது, ஆனாலும் இறகு தண்ணீரில் கரைந்த சாயம் மாதிரி வருகிறது. நத்தைகுத்தியின் அலகு நடுவே ஒரு இடைவெளி இருக்குமே, அதுதான் அந்தப் பறவைக்கே அடையாளம், அதுகூடத் தெரியவில்லை. ட்ரைபாட் வைத்தும் பார்த்துவிட்டேன், அப்படியேதான். வீட்டு வாசல் கம்பியில் வந்து உட்காரும் பஞ்சுருட்டான் மட்டும் கண்ணு மூக்கெல்லாம் நன்றாக வருகிறது. லென்ஸை விற்ற கடையில் கேட்டால் இது போதாது, 600 வரை போகும் லென்ஸாக வாங்குங்கள் என்கிறார்கள். அவ்வளவு பணம் இல்லை. என்ன செய்யலாம்?

வெயிலான்:
லென்ஸ் முன்னால் யூவி ஃபில்டர் போட்டிருக்கிறீர்களா? மலிவானதாக இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். எனக்கு ஒருமுறை அதுதான் வில்லன்.

கண்மாய்க்கரை:
இருந்தது, கழற்றிவிட்டேன். கொஞ்சம் தேவலை, ஆனால் குழைவு போகவில்லை.

பனங்காடை:
தம்பி, பதில் நீங்களே எழுதிவிட்டீர்கள். பஞ்சுருட்டான் நன்றாக வருகிறது என்றால் லென்ஸில் பெரிய கோளாறு இருக்க வாய்ப்பில்லை. அது பத்தடியில் உட்கார்ந்திருக்கும், நாரை எவ்வளவு தூரம்? எண்பது, நூறு மீட்டர் இருக்கும். நடுவில் காய்ந்து வெடித்த கண்மாய்த் தரை, மேலே பதினொரு மணி வெயில். தரை சூடாகி அதை ஒட்டிய காற்று மேலே கிளம்புகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் மாறி மாறி இருப்பதால் ஒளி நேராக வராமல் வளைந்து நெளிந்து வருகிறது. தார் ரோட்டில் மதியம் பார்க்கும் கானல்தான் இது. நீங்கள் அதற்குள்ளே படுத்துக்கொண்டு படம் எடுக்கிறீர்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. அதே இடத்தில், அதே நேரத்தில், தூரத்து மின்கம்பம் ஒன்றை ட்ரைபாடில் வைத்துத் தொடர்ச்சியாக இருபது படம் எடுங்கள். லென்ஸ் கோளாறு என்றால் இருபதும் ஒரே மாதிரி மங்கலாக இருக்கும். கானல் என்றால் ஒவ்வொரு படத்திலும் கம்பி வேறு வேறு மாதிரி வளைந்திருக்கும், ஒன்றிரண்டு தற்செயலாகத் தெளிவாகவும் விழும். பிறகு அதே கம்பத்தைக் காலை ஆறரைக்கு எடுத்துப் பாருங்கள். 600 லென்ஸ் வாங்கினால் கானலையும் சேர்த்துப் பெரிதாக்கித் தரும், அவ்வளவுதான்.

வெயிலான்:
ஷட்டர் வேகத்தை 1/4000 நொடி வரை ஏற்றினால் நிற்காதா அண்ணா?

பனங்காடை:
நிற்காது. கை நடுக்கத்தையும் பறவையின் அசைவையும்தான் ஷட்டர் நிறுத்தும். ஒளி ஏற்கெனவே வளைந்து வந்து சேர்ந்தால், அந்த வளைவைத்தான் உறைய வைக்கும்.

இன்னொன்று, பறவைப் படம் என்றால் தரையோடு படு என்று எல்லோரும் சொல்வார்கள். காலையில் அது நல்ல யோசனை, வெயில் ஏறிவிட்டால் அதுவே கெடுதல், ஏனென்றால் கானல் அதிகம் இருப்பது தரையை ஒட்டித்தான். கொஞ்சம் வெயில் ஏறிய பிறகும் எடுத்தே ஆக வேண்டும் என்றால் கரை மேல் ஏறி நின்று எடுங்கள். மேகம் மூடிய நாளில் பத்து மணிக்கும் ஓரளவு தப்பிக்கலாம்.

சீமைக்கருவேலம்:
கார் வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏசி போட்ட காரின் கண்ணாடியை இறக்கி அதன் வழியாக எடுத்தாலும் இதே குழைவு வரும், உள்ளே குளிர்ந்த காற்று, வெளியே சூடு, இரண்டும் லென்ஸ் வாசலில்தான் கலக்கின்றன. நான் இது தெரியாமல் ஒரு சீசன் முழுக்க வீணாக்கினேன்.

தம்பிக்கு: தூரத்தைக் குறைப்பதுதான் பாதி மருந்து. நேராக நடந்து போனால் நாரை பறந்துவிடும். ஆட்டுக்காரர் பக்கத்தில் போனால் அது தலையைக்கூடத் திருப்பாது, கவனித்திருப்பீர்கள். அவர் நாரையைப் பார்த்து நடப்பதில்லை, அதுதான் ரகசியம். விடியும் முன்னே கருவேலம் புதர் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுங்கள், அதுவாக மேய்ந்துகொண்டு பக்கத்தில் வரும். கூடு இருக்கும் மரத்தடிக்கு மட்டும் இந்த வித்தையோடு போக வேண்டாம். உங்கள் மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்துப் பக்கம் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள், நாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்க் குஞ்சுகளைக் கலைக்கக் கூடாது.

கண்மாய்க்கரை:
சோதனை செய்துவிட்டேன். பதினொரு மணிக்கு மின்கம்பி பாம்பு மாதிரி நெளிகிறது, இருபது படத்தில் இருபது விதம். இன்று காலை ஆறே முக்காலுக்கு அதே கம்பத்தில் பீங்கான் குமிழின் வரி தெரிகிறது! லென்ஸைத் திருப்பிக் கொடுக்க இருந்தேன், நல்லவேளை. நாரையும் கிடைத்தது, அலகு இடைவெளி பளிச்சென்று இருக்கிறது. ஆனால் இப்போது வேறு தொல்லை. ஒரு படத்தில் நாரையின் முதுகு வெறும் வெள்ளைத் தாளாக இருக்கிறது, இன்னொன்றில் பறவை முழுக்கக் கறுத்துவிட்டது.

பனங்காடை:
வெள்ளைத் தாள் ஆனதற்குக் காரணம் பின்னால் இருக்கும் கரும்சேறு. கேமரா சேற்றைப் பார்த்து இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை, அதாவது கேமரா தானாக வைக்கும் வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, மைனஸ் 0.7 வையுங்கள், போதாவிட்டால் மைனஸ் 1. பனிமூட்டத்தில் வயலை எடுக்கும்போது இதற்கு நேர்மாறு, பிளஸ் பக்கம் தள்ளாவிட்டால் பனி அழுக்குச் சாம்பலாக விழும். கறுத்த படம் எங்கிருந்து எடுத்தது, சூரியன் எதிரே இருந்ததா?

கண்மாய்க்கரை:
ஆமாம் அண்ணா, எங்கள் வீடு மேற்குக் கரையில்.

பனங்காடை:
அப்படியென்றால் காலையில் சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய்விடுங்கள், வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். சாயங்காலம் வீட்டுப் பக்கமே போதும், ஆனால் தரைச் சூடு தணிய ஐந்தரை ஆகும்.

கண்மாய்க்கரை:
கிழக்குக் கரையில் ஒரு தோப்பு இருக்கிறது, தோப்பில் ஒரு நாய் இருக்கிறது. நாளைக்கு பிஸ்கட்டோடு போய்விட்டு வந்து சொல்கிறேன்.