உளவியல் புத்தகங்களில் வரும் ஆய்வுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

தாழ்வாரம்:
எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்து, நாம் எப்படி முடிவெடுக்கிறோம் என்பதைப் பற்றி உளவியலாளர் டேனியல் கானெமன் எழுதிய ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’ எடுக்கலாம் என்று பேச்சு. ஒருவர், ‘அதில் இருப்பதெல்லாம் பொய் என்று ஆகிவிட்டது’ என்று குண்டைத் தூக்கிப் போட்டார். நோபல் வாங்கியவரையே குறை சொல்வதா என்று இன்னொருவர் எகிறுகிறார். எனக்கு இரண்டு கேள்விகள். எந்த அத்தியாயம் நிற்கிறது, எது விழுந்துவிட்டது? பொதுவாக இந்த மாதிரிப் புத்தகங்களில் ‘ஓர் ஆய்வில் கண்டறிந்தார்கள்’ என்று வந்தால், உளவியல் படிக்காத ஆள் அதை எப்படிச் சரிபார்ப்பது?

அடிக்குறிப்பு:
உங்கள் நண்பர்கள் இருவருமே புத்தகத்தை மொத்தமாக எடை போடுகிறார்கள். அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துப் பாருங்கள்.

அடி பலமாக விழுந்தது 4ஆம் அத்தியாயத்துக்கு. முதுமையை நினைவூட்டும் சொற்களைப் படித்த மாணவர்கள் தாழ்வாரத்தில் மெதுவாக நடந்தார்கள் என்ற 1996ஆம் ஆண்டு ஆய்வு அதில் வருகிறது. அந்தச் சோதனையில் இருந்தது 30 பேர். 2012இல் பெல்ஜியத்தில் 120 பேரை வைத்து, அகச்சிவப்பு சென்சாரால் நடையை அளந்தார்கள். வித்தியாசம் எதுவும் வரவில்லை. ‘இவர் மெதுவாக நடப்பார்’ என்று சோதனை நடத்துபவரை எதிர்பார்க்க வைத்தபோதுதான் வந்தது! இத்தகைய முடிவுகளை நம்பாமல் இருக்க வழியே இல்லை என்று அந்த அத்தியாயத்தில் எழுதிய கானெமனே, சிறிய ஆய்வுகள் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்துவிட்டதாக 2017இல் ஒப்புக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், சிறிய மாதிரிகளை நம்பாதீர்கள் என்று அவரும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த ட்வெர்ஸ்கியும் 1971லேயே கட்டுரை எழுதியவர்கள். இதே புத்தகத்தின் 10ஆம் அத்தியாயமும் அதைப் பற்றித்தான்.

3ஆம் அத்தியாயத்தில் மனவுறுதி தீர்ந்துபோகும் என்ற கருத்து வருகிறது. 2016இல் 23 ஆய்வகங்கள், 2,141 பேர் என்று சேர்த்துப் பார்த்ததில் விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். அதே இடத்தில் வரும் இஸ்ரேல் பரோல் விசாரணைக் கதையையும் எச்சரிக்கையோடு படியுங்கள். உணவு இடைவேளைக்கு முன்னால் பரோல் அனுமதி சரிந்ததற்குக் களைப்பு காரணம் என்கிறது புத்தகம். ஆனால் வழக்குகள் குலுக்கல் முறையில் வரவில்லை. வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் மனுக்கள் பெரும்பாலும் இடைவேளைக்குச் சற்று முன்புதான் எடுக்கப்பட்டன, அவர்களுக்கு அனுமதி கிடைப்பது எப்படியும் குறைவு. 5ஆம் அத்தியாயத்தில், மங்கலான எழுத்துருவில் கணக்குக் கொடுத்தால் தவறு குறையும் என்பதற்கு ஆதாரம் 40 மாணவர்கள். பிறகு 7,000க்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது அது காணாமல் போனது.

நிற்பவையும் நிறைய. 11ஆம் அத்தியாயத்தின் நங்கூர விளைவு, அதாவது முதலில் கேட்ட எண் நம் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுப்பது, அசைக்க முடியாதது. மிக உயரமான ரெட்வுட் மரத்தின் உயரம் 1,200 அடிக்கு மேலா கீழா என்று கேட்டால் மதிப்பீடு சராசரியாக 844 அடி. 180 அடி என்று தொடங்கினால் 282. 36 இடங்களில், 6,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது மிக வலுவாகத் தேறியவற்றில் நங்கூர விளைவும் ஒன்று. லாபநஷ்டம் உள்ள நிலையில் நாம் எப்படித் தேர்வு செய்கிறோம் என்று சொல்லும், 26ஆம் அத்தியாயத்தின் ப்ராஸ்பெக்ட் தியரியை 2020இல் 19 நாடுகளில் மறுபடி பார்த்தார்கள், பெரும்பாலும் தேறியது.

கூட்டல்கழித்தல்:
இரண்டாவது கேள்விக்கு நான். முதலில் அந்தக் கூற்றின் மூலக் கட்டுரையைப் பிடியுங்கள். இந்தப் புத்தகத்தில் உரைக்குள் குறிப்பு எண் இருக்காது. கடைசியில் பக்க எண், வாக்கியத்தின் ஒரு துண்டு, பிறகு கட்டுரை விவரம் என்று வரிசையாக இருக்கும். மொழிபெயர்ப்பில் பின்குறிப்புகளை விட்டிருந்தால் ஆங்கிலப் பதிப்பு வேண்டும்.

கட்டுரைத் தலைப்பை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் போடுங்கள். கீழே ‘சைட்டட் பை’ (அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள்) என்பதை அழுத்தி, ‘சர்ச் விதின் சைட்டிங் ஆர்ட்டிக்கிள்ஸ்’ பெட்டியில் டிக் அடித்து, ‘ரெப்ளிகேஷன்’ (replication, மறுசோதனை) என்று தேடுங்கள். மறுசோதனை நடந்திருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு பக்கங்களிலேயே சிக்கிவிடும்.

அடுத்து எத்தனை பேர் என்று பாருங்கள். இரண்டு குழுக்களுக்கு இடையே நடுத்தர அளவு வித்தியாசம் இருந்தால், அதை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். சிறிய வித்தியாசம் என்றால் குழுவுக்குக் கிட்டத்தட்ட 400. பதினைந்து, இருபது பேர் என்றால் என்ன கேடு? தற்செயலாகப் பெரிதாகத் தெரிந்த முறை மட்டும்தான், ‘இது தற்செயல் அல்ல’ என்று ஏற்கும் புள்ளியியல் கோட்டைத் தாண்டும். தாண்டியது அச்சாகும், தாண்டாதது இழுப்பறையில் கிடக்கும். அதனால் அச்சில் நாம் பார்க்கும் வித்தியாசம் பெரும்பாலும் ஊதியே இருக்கும். 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது, முதலில் 97 சதவீதம் கோட்டைத் தாண்டியிருந்தது 36 சதவீதமாக இறங்கியதற்கு இது பெரிய காரணம்.

கடைசியாக, கட்டுரையே திரும்பப் பெறப்பட்டதா என்று ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் பாருங்கள். படிவத்தின் மேலேயே கையெழுத்து வாங்கினால் நேர்மை கூடும் என்ற 2012ஆம் ஆண்டு கட்டுரை ரொம்பப் பிரபலம். அதில் இருந்த கார் காப்பீட்டுத் தரவில், ஓடிய தூரம் 0 முதல் 50,000 மைல் வரை எல்லா அளவிலும் ஒரே சீராகப் பரவியிருந்தது, அதற்கு மேல் ஒரு வண்டிகூட இல்லை. நிஜத்தில் வண்டிகள் அப்படி ஓடாது. 2021இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன் அச்சான புத்தகங்கள் கடைகளில் அப்படியேதான் இருக்கின்றன.

வரிக்குவரி:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மறுசோதனையில் தோற்றது ஒரு வகை. மூலம் சொல்லாததைப் பிறர் சொல்வது வேறு வகை. உத்தரவு வந்தால் இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பார்களா என்று பார்த்த மில்கிராம் சோதனையில் 65 சதவீதம் பேர் 450 வோல்ட் வரை போனார்கள் என்று எல்லாரும் எழுதுவார்கள். அது 40 பேரில் 26 பேர், அதுவும் ஓர் அமைப்பில் மட்டும். உத்தரவைத் தொலைபேசியில் கொடுத்தபோது ஐந்தில் ஒருவர்தான் கடைசி வரை போனார். கூட இருந்த இருவர் எழுந்து மறுத்தபோது 40இல் 4 பேர். இவை அவரது 1974ஆம் ஆண்டு புத்தகத்திலேயே இருக்கின்றன. மேற்கோள் காட்டுபவர்கள்தான் பாதியை விழுங்கிவிடுகிறார்கள்.

மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்க வைத்த, 1971ஆம் ஆண்டின் ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனையை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். ஒப்பிட வேறு குழு இல்லை, காவலர்களுக்குக் கடுமையாக இருக்கச் சொல்லித் தூண்டியது ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. அதை ஆய்வாக அல்ல, ஒரு சம்பவமாகத்தான் படிக்க வேண்டும்.

தாழ்வாரம்:
நன்றி நண்பர்களே. 3, 4, 5 மூன்றையும் தள்ளிவிட்டே படிக்கலாமா?

அடிக்குறிப்பு:
வேண்டாம். 4ஐ வைத்துக்கொண்டு, 2012ஆம் ஆண்டு மறுசோதனையோடு சேர்த்து ஒருவர் பேசட்டும். அது இலவசமாகவே இணையத்தில் கிடைக்கிறது. மொத்தம் 38 அத்தியாயங்கள், ஒரே கூட்டத்தில் முடியாது. முதல் கூட்டத்துக்கு 1 முதல் 9, அடுத்ததற்கு 10 முதல் 18 வைத்துக்கொள்ளலாம். பின்னிணைப்பில் கானெமனும் ட்வெர்ஸ்கியும் 1974இல் எழுதிய கட்டுரை இருக்கிறது. இரண்டாவது கூட்டத்துக்கு முன் அதைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள், 10க்குப் பிறகு வேகமாகப் போகும்.