வேகஸ் கசினோ கார்ட்: பொயிண்ட்ஸை முழுசாக எடுப்பது எப்படி?

வெள்ளவத்தை மாலா:

டொரன்டோவில் இருக்கும் தம்பி குடும்பத்தோடு அடுத்த மாதம் லாஸ் வேகஸ் போகிறோம். நானும் அவரும் கொழும்பில் இருந்து போய் அங்கே சேர்ந்துகொள்கிறோம். நான் சூதாடுகிற ஆள் இல்லை. அவர் கொஞ்சம் ரூலட் (எண் சக்கரத்தில் பந்து விடுகிற ஆட்டம்) போடுவார். மச்சாள் ஸ்லொட் மெஷினில் இருந்தால் எழும்பவே மாட்டாள்.

"சீசர்ஸ் கார்ட், எம்ஜிஎம் கார்ட் ரெண்டையும் எடு அக்கா, ரூம், சாப்பாடு எல்லாம் சும்மா கிடைக்கும்" என்று தம்பி ஒற்றைக் காலில் நிற்கிறான். அவை அங்கத்தைய ரெண்டு பெரிய கசினோ ஹோட்டல் கம்பனிகளின் உறுப்பினர் கார்டாம், விளையாடினால் பொயிண்ட்ஸ் ஏறுமாம். அப்படிக் கிடைக்குமா? கார்டுக்குக் காசு கட்ட வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பழைய டீலர், கொள்ளுப்பிட்டி:

மாலா அக்கா, நான் கொழும்பில் கசினோ மேசையில் டீலராக நின்றவன். அப்புறம் பிட்டில், அதாவது மேசைகள் இருக்கிற பகுதியில், சூப்பர்வைசராக இருந்து, யார் எவ்வளவு போடுகிறார் என்று பதிகிற வேலையும் பார்த்தேன். அதனால் உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ரெண்டு கார்டும் இலவசம். 21 வயது தாண்டிய எல்லோரும் பாஸ்போர்ட்டைக் காட்டி எடுத்துக்கொள்ளுங்கோ. போக முதலே இணையத்தில் பதிந்தால் இன்னும் நல்லது, உறுப்பினருக்கு ரூம் விலையே பல நாட்களில் குறைவாகக் காட்டும். சீசர்ஸ் கார்ட் ஃப்ளமிங்கோ, ஹராஸ், பாரிஸ் என்ற ஹோட்டல்கள் எல்லாவற்றிலும் செல்லும். எம்ஜிஎம் கார்ட் பெலாஜியோ, லக்சர், எக்ஸ்காலிபர் பக்கம்.

சும்மா ரூம் என்பதற்கு வருவோம். மேசையில் ஒருவர் இருந்ததும் சூப்பர்வைசர் கார்டை வாங்கிக் கணினியில் போட்டு, சராசரியாக எவ்வளவு கட்டுகிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று பதிவார். அந்த ஆள் வென்றாரா தோற்றாரா என்பதல்ல முக்கியக் கணக்கு. கட்டுகிற தொகை, மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், அந்த ஆட்டத்தில் கசினோவின் பங்கு எத்தனை வீதம் — இதையெல்லாம் பெருக்கினால் உங்களிடம் எதிர்பார்க்கிற நட்டம் வரும். அந்த நட்டத்தில் ஒரு பகுதிதான் சாப்பாடாகவும் ரூமாகவும் திரும்பி வருகிறது.

அண்ணை ரெண்டு பூச்சிய ரூலட்டில் தடவைக்கு 25 டொலர் போட்டு ரெண்டு மணி நேரம் இருக்கிறார் என்று வையுங்கோ. மணிக்கு 35 சுற்று என்றால் மொத்தம் 1,750 டொலர் மேசைக்குப் போகிறது. கசினோவின் பங்கு 5.26 வீதம், அதாவது 92 டொலர். அதில் கால்வாசி திரும்பி வந்தாலும் ஒரு பகல் சாப்பாட்டுக்குத்தான் காணும். அதே அண்ணை ஒற்றைப் பூச்சிய மேசையைத் தேடிப் பிடித்தால் பங்கு 2.7 வீதமாக இறங்குகிறது. கார்ட் கொடுப்பதைவிட இது கூட! வேகஸில் இப்போது மூன்று பூச்சிய ரூலட்டும் இருக்கு, அதில் 7.69 வீதம். தயவுசெய்து அந்தப் பக்கமே போக வேண்டாம். உட்கார முதல் சக்கரத்தில் பூச்சியங்களை எண்ணச் சொல்லுங்கோ.

மேசையில் கார்டை எப்போதும் தாங்களாகக் கேட்கமாட்டார்கள். உட்காரும்போதே டீலருக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். எழும்பும்போது பதிந்தாச்சா என்று கேட்பதிலும் வெட்கமில்லை, நான் அந்த வேலையில் நின்றபோது கேட்டவர்களை ஒருநாளும் குறைவாக நினைக்கவில்லை.

மச்சாளுக்கு: கார்டை மெஷினில் செருகியதும் திரையில் தன் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சில நேரம் முதல் இருந்தவர் கார்டை அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பார், அதை எடுக்காமல் ஆடினால் மச்சாளின் பொயிண்ட்ஸ் எல்லாம் அந்த ஆளின் கணக்கில் ஏறும். சீசர்ஸில் ஸ்லொட்டில் 5 டொலர் கட்டி ஓடினால் ஒரு கிரெடிட் (அவர்களின் பொயிண்ட்), 100 கிரெடிட் சேர்ந்தால் ஒரு டொலர். ஆக 500 டொலர் ஓட ஒரு டொலர் வரும். அந்த 500க்கு மெஷின் சராசரியாக 35, 40 டொலர் எடுத்துவிடும். டயமண்ட் என்ற மேல் லெவல் உறுப்பினர் ஆனால் ரிசோர்ட் ஃபீ (ரூம் வாடகைக்கு மேலே ஹோட்டல் அறவிடுகிற கட்டணம்) இல்லை என்று தம்பி சொல்லுவார், சரிதான். அதற்கு 15,000 டியர் கிரெடிட் (லெவலுக்கென்று தனியாக எண்ணுகிற பொயிண்ட், ஸ்லொட்டில் அதே 5 டொலருக்கு ஒன்று) வேணும். ஸ்லொட்டில் மட்டும் என்றால் 75,000 டொலர் ஓட வேணும்.

உங்களுக்குத்தான் இதில் நல்ல லாபம் அக்கா. ரூம், சாப்பாட்டுக்கடை, ஷோ டிக்கெட் என்று எப்படியும் செலவழிப்பீர்கள். அவற்றில் பலதுக்கும் கார்டைக் காட்டினால், அல்லது ரூம் கணக்கில் போடச் சொன்னால், பொயிண்ட்ஸ் ஏறும். ஒரு பட்டனும் அமர்த்தத் தேவையில்லை. சேர்ந்ததைக் கிளம்ப முதல் சாப்பிட்டு முடியுங்கோ. சீசர்ஸில் ஆறு மாதம் கணக்கு அசையாவிட்டால் கிரெடிட் அழிந்துவிடும், நீங்கள் ஆறு மாதத்தில் திரும்பிப் போகப் போவதில்லையே.

கொட்டாஞ்சேனை ரவி:

டீலர் அண்ணை சொன்னது இங்கேயும் பொருந்தும். கொழும்பில் மேசையில் இருந்தால் சாப்பாடு, குடிவகை சும்மா என்று என் கூட்டாளிமார் போவார்கள். உள்ளூர்க்காரருக்கான நுழைவு வரியை 50 டொலரில் இருந்து 100 டொலருக்கு உயர்த்திய பிறகும் போகிறார்கள். ஒரு கூட்டாளி "இன்னும் கொஞ்சம் பொயிண்ட் வந்தால் அடுத்த லெவல்" என்று விடிய விடிய இருந்தான். அவன் மனிசி காது நகையை அடகு வைத்ததை நான் கண்டவன். மச்சாளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று காசை உறையில் போட்டுக் கொடுங்கோ. கார்டில் எவ்வளவு ஏறினாலும் உறை முடிந்தால் எழும்ப வேணும்.

வெள்ளவத்தை மாலா:

ரெண்டு பேருக்கும் நன்றி. உறை யோசனையை அவரிடம் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார். இன்னொரு கேள்வி: நானும் அவரும் ஒரே கார்டைப் பாவிக்கலாமா? என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுசாக இருக்கு, மற்ற எல்லா இடத்திலும் முதலெழுத்து மட்டும்தான். எதைப் போடுவது?

பழைய டீலர், கொள்ளுப்பிட்டி:

ஆளுக்கொரு கார்ட் எடுங்கோ அக்கா. ஒருவர் கார்டில் இன்னொருவர் விளையாடுவதை அவர்கள் விரும்பமாட்டார்கள், கண்டால் கணக்கையே மூடலாம். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும், அப்பாவின் பெயரும் முழுசாக. ரூம் புக்கிங்கையும் அதே பெயரில் போட்டு, கார்ட் நம்பரை அதில் சேர்த்துவிடுங்கோ. பெயர் மாறி இருந்தால் தங்கின நாட்களின் பொயிண்ட்ஸ் கணக்கில் ஏறாமல் நிற்கும், பிறகு கொழும்பில் இருந்து மின்னஞ்சல் போட்டுத் திருத்துவது பெரிய கரைச்சல். அங்கே நிற்கும்போதே, வெளிக்கிடுகிற காலையில், ரிவோர்ட்ஸ் கவுண்டரில் (கார்ட் கொடுக்கிற மேசை) கணக்கைக் காட்டச் சொல்லிப் பாருங்கோ.