ஈஆர்பி வாயிலுக்கு முன்னால் நின்ற ஒன்பது நிமிடம்

பூவண்டி:
எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டது. பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். அப்போது சிங்கப்பூரில் ஒரு பூக்கடைக்கு வேன் ஓட்டினேன். மாலை கட்டுவதெல்லாம் முதலாளி வீட்டில், தெம்பனிஸில். ஈஆர்பி காசு (நெரிசல் நேரத்தில் சாலை வாயிலைத் தாண்டினால் வண்டியிலிருக்கும் கார்டிலிருந்து கழியும் கட்டணம்) என் கணக்கு என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் எந்த வாயிலில் எத்தனை மணிக்கு ரேட் ஏறும், இறங்கும் என்பது எனக்கு மனப்பாடம்.

ஒரு வியாழக்கிழமை, சிராங்கூன் ரோட்டுக் கோவிலில் கல்யாணம். (வார நாளில் கல்யாணமா என்று கேட்காதீர்கள், ஜோசியர் குறித்த நாள்.) மணமாலை இரண்டும் என் வண்டியில். வாயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மணி பார்த்தால் 9:22. ஒன்பதரைக்கு ஒரு வெள்ளி (டாலர்) குறையும். சாலை ஓரத்தில் ஏற்கெனவே நாலைந்து வண்டிகள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றன, நானும் போய் ஒட்டிக்கொண்டேன். ஏசியைக் கூட்டி வைத்தேன், பூ வாடக்கூடாதே. 9:31-க்கு வாயிலைத் தாண்டினேன். நின்றிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கிளம்பியதில் முன்னால் நெரிசல், இறங்கும் இடத்தில் இன்னும் நெரிசல்.

கோவிலுக்குள் மாலைப் பெட்டியோடு ஓடுகிறேன், கெட்டிமேளம் முடிந்து நாதஸ்வரம் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது. பெண் கழுத்தில் ஒரு மாலை கிடக்கிறது. அம்மன் மேல் கிடந்ததை ஐயர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். பெண்ணின் அப்பா என்னைத் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். "வச்சிட்டுப் போங்க தம்பி, சாயங்காலம் ரிசப்ஷனுக்கு ஆகும்" என்றார். போதாததற்கு, "சாப்பிட்டீங்களா?" என்று வேறு கேட்டார்.

இப்போதும் அந்த வாயிலைத் தாண்டும்போது பீப் சத்தம் கேட்டால் வயிற்றை ஏதோ செய்யும். உங்களுக்கும் இப்படி ரோட்டிலோ பஸ்ஸிலோ ரயிலிலோ மனசில் நின்றுபோனது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அனுபவம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தடவை கார்டில் காசு இல்லாமல் தாண்டி, கட்டணத்தோடு 10 வெள்ளி சேர்த்துக் கட்டினேன். என் தப்புதான்.

ஆனால் பூவண்டி அண்ணே, உங்கள் கணக்கு இடிக்கிறது. நீங்கள் நின்ற மாதிரி ஆட்கள் நிற்கிறார்கள் என்பதால்தான் கட்டணத்தை ஒரேயடியாக மாற்றாமல் நடுவில் பாதி மட்டும் மாறும் ஐந்து நிமிடப் படி ஒன்று வைத்தார்கள். ஏறும்போது ரேட் மாறும் நேரத்துக்குப் பிந்தைய ஐந்து நிமிடம், இறங்கும்போது அதற்கு முந்தைய ஐந்து நிமிடம். அதாவது 9:25-க்கே பாதி இறங்கியிருக்க வேண்டும். அட்டவணையில் சின்ன எழுத்தில் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று, அந்தக் கட்டணம் வசூலுக்காக இல்லை, வேகத்துக்காக. விரைவுச்சாலையில் வண்டிகள் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டரில் போக வேண்டும், மற்ற பெரிய சாலைகளில் 20 முதல் 30. வேகம் அதற்குக் கீழே போனால் கட்டணம் ஏறும், மேலே போனால் இறங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார்கள், ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் தனியாக. கோவிட் ஊரடங்கில், 2020 ஏப்ரலில், சாலை காலியானதும் மொத்தமாக நிறுத்தியே விட்டார்களே. 1995-ல் நிலப் போக்குவரத்து ஆணையம் வந்த பிறகுதான் வண்டிப் பதிவு, சாலை, ரயில் எல்லாம் ஒரே கூரைக்குள் வந்தது. அதற்கு முன்னால் தனித்தனி அலுவலகம். ஒரே ஆள் ரோட்டுக்கும் விலை வைத்து ரயிலும் கட்டினால்தான் இது நடக்கும், இல்லாவிட்டால் காரை விட்டு இறங்கியவன் எதில் ஏறுவான்?

இனிமேல் இப்படி டெலிவரி என்றால் பாதி ரேட் நேரத்தில் தாண்டிவிடுங்கள். முடிந்தால் முதலாளியிடம் ஈஆர்பி காசை டெலிவரி கட்டணத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம், விரைவுச்சாலை ஓரத்தில் நிற்பது குற்றம். ஆபத்தும்கூட.

தஞ்சோங் பகார் அக்கா:
தம்பி கணக்குப்பிள்ளை, அவர் பூ விற்பதை விட்டே பத்து வருஷம் ஆகியிருக்கும், இப்போது போய் டெலிவரிக்கு வழி சொல்கிறீர்களே.

உங்களுக்கெல்லாம் ஈஆர்பிக்கு முந்தின கதை தெரியாது. 1998 வரைக்கும் பீப் எல்லாம் கிடையாது. காலையில் நகர் மையத்துக்குள் போக வண்டி கண்ணாடியில் காசு கட்டிய காகிதம் ஒட்டியிருக்க வேண்டும், வாயிலில் ஆள் உட்கார்ந்து கண்ணால் பார்ப்பார். 1975 ஜூனில் ஆரம்பித்தபோது காருக்கு ஒரு நாளைக்கு 3 வெள்ளி. ஆனால் காருக்குள் நாலு பேர் இருந்தால் காசு இல்லை. அதனால் காலையில் கார்க்காரர்கள் பஸ் நிறுத்தத்துக்கு வந்து ஆள் பிடிப்பார்கள். எங்களுக்கு பஸ் காசு மிச்சம், அவர்களுக்கு 3 வெள்ளி மிச்சம். முன்பின் தெரியாதவர் காரில் ஏறுகிறோமே என்ற பயமெல்லாம் இரண்டு நாள்தான். காருக்குள் யாரும் பேச மாட்டார்கள். வாயில் வரும்போது மட்டும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம், தலை எண்ணுவதற்கு வசதியாக. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஷென்டன் வேயில் டைப்பிஸ்ட் வேலை.

ஒரு நாள் நல்ல மழை. நானும் எங்கள் புளோக் கமலாக்காவும் (பெயரை மாற்றியிருக்கிறேன்) ஒரே குடையில் நிற்கிறோம். அவர் மாசமாக இருந்தார். ஒரு கார் வந்து நின்றது, உள்ளே ஓட்டுநரோடு மூன்று பேர். நான் பின்கதவைத் திறந்து ஏறி நகர்ந்து உட்கார்ந்துவிட்டேன், அக்காவும் வரட்டும் என்று. இடம் இருந்தது. ஓட்டுநர் கையைப் பின்னால் நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினார். நாலு விரலைக் காட்டினார். நாலு போதுமாம்.

நான் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. குடை வேறு என் கையில் வந்துவிட்டது.

1989-ல் அந்த நாலு பேர் சலுகையை எடுத்தார்கள். பேப்பரில் படித்தபோது, அப்பாடா என்றுதான் இருந்தது.

ஏழு நாற்பத்தைந்து:
அக்கா கதைக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். 2013-ல் ஆரம்பித்தார்களே, காலை 7:45-க்குள் நகர் மையத்தில் இறங்கினால் ரயில் இலவசம் என்று. நான் உட்லண்ட்ஸிலிருந்து ராபிள்ஸ் பிளேஸ். தினமும் மிச்சமாகும் காசில் ஒரு கோப்பி குடிப்பேன்.

ஒரு நாள் ரயில் சுரங்கத்துக்குள் ஒரு நிமிடம் சும்மா நின்றது. கதவு திறந்ததும் எஸ்கலேட்டரில் இரண்டிரண்டு படியாக ஓடி, முன்னால் நின்ற ஒரு தாத்தாவின் தோளில் இடித்து, அவர் கையிலிருந்த பை விழுந்து, உள்ளேயிருந்த ஆரஞ்சுப் பழங்கள் படியோடு உருள, நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடிக் கார்டைத் தட்டினால் 7:46. அரை வெள்ளி மட்டும் கழிவு. நிலையத்தில் இருந்த தமிழ் அண்ணனிடம் போய் ரயில் நின்றதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் எஸ்கலேட்டர் பக்கம் பார்த்து, "அந்தப் பழத்தப் பொறுக்கிக் குடுத்துட்டு வா தம்பி, அப்புறம் பேசலாம்" என்றார்.

பொறுக்கிக் கொடுத்தேன். அப்புறம் பேசவில்லை.

2017 கடைசியில் அந்த இலவசம் போய், 7:45-க்கு முன்னால் உள்ளே நுழைந்தால் அரை வெள்ளி வரை கழிவு என்று மாற்றினார்கள். இப்போது ஓட்டம் வெளியே வரும்போது இல்லை, உள்ளே போகும்போது.

கணக்குப்பிள்ளை:
@ஏழு நாற்பத்தைந்து: உட்லண்ட்ஸிலிருந்து என்றால் ஒரு ரயில் முன்னால் பிடித்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் இடைவெளி வைக்காமல் திட்டம் போடக்கூடாது. @அக்கா: 3 வெள்ளி ஆரம்பத்தில்தான், பிறகு ஏற்றினார்கள்.

தஞ்சோங் பகார் அக்கா:
சரிப்பா.

பேத்தி:
சின்னது. சாலையைக் கடக்கும் இடத்தில் சிக்னல் கம்பத்தில் முதியோர் கார்டைத் தட்டினால் வயதானவர்களுக்குப் பச்சை மனிதன் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பான் இல்லையா, மூன்றிலிருந்து பதின்மூன்று விநாடி வரை. எங்கள் தாத்தா தட்டவே மாட்டார். "எனக்கென்ன வயசாயிடுச்சா?" என்பார். நான் அவர் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துத் தட்டினால் கோபம் வரும், வேண்டுமென்றே வேகமாக நடப்பார்.

போன வருஷம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் புளோக் முன்னாலிருக்கும் சிக்னலில் பஸ் நின்றது. ஜன்னலில் பார்த்தால் தாத்தா தனியாக. இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். கார்டை எடுத்துத் தட்டிவிட்டு, யாரோ செய்த மாதிரி வேறு பக்கம் திரும்பி நின்றார்.

வீட்டில் நான் கேட்கவில்லை.

ஸ்டியரிங்:
நான் பஸ் கேப்டன், அதாவது ஓட்டுநர். ஜொகூரிலிருந்து தினமும் வருகிறேன். உங்கள் எல்லோருக்கும் என் மேல் ஒரு கோபம் இருக்கும்: பஸ் ஏன் நிறுத்தத்தில் சும்மா நிற்கிறது? கட்டுப்பாட்டு அறையிலிருந்து செய்தி வரும், முன்வண்டியை நெருங்கிவிட்டாய், நில் என்று. இரண்டு பஸ் ஒட்டி வந்தால் அடுத்தது வர இருபது நிமிடம் ஆகும். 2014-லிருந்து பயணி கூடுதலாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்து நிறுவனங்களுக்குப் பரிசும் அபராதமும் கொடுக்கிறார்கள். அதனால் நின்றுதான் ஆக வேண்டும். பின்னால் இருக்கும் நிறுத்தங்களில் நிற்பவர்களுக்கு அது நல்லதுதான். பஸ்ஸுக்குள் இருப்பவருக்கு எப்படிப் புரியும்?

ஒரு காலை இரண்டு நிமிடம் நிற்கச் சொன்னார்கள். பள்ளிச் சீருடையில் ஒரு பையன் முன்னால் வந்து, "அங்கிள், எட்டு மணிக்கு ஓ லெவல் பேப்பர்" என்றான். அழவில்லை, கத்தவில்லை. கையில் கண்ணாடிப் பென்சில் பெட்டி, அதைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டு நின்றான். நான் திரையைப் பார்த்தேன், இன்னும் ஒன்றரை நிமிடம். நாற்பது விநாடி பொறுத்தேன், அப்புறம் எடுத்துவிட்டேன். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார், பதில் சொன்னேன், அது வேறு.

பையன் இறங்கும்போது தேங்க்யூ சொல்லாமல் ஓடினான். நேரத்துக்குப் போனானா, தெரியாது. அந்த நாற்பது விநாடியும் ஏன் பொறுத்தேன் என்றுதான் இப்போதும் யோசிக்கிறேன்.

பூவண்டி:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, அந்தக் குடையைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

கணக்குப்பிள்ளை தம்பி, நீங்கள் சொன்ன பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 9:25-க்கே பாதி இறங்கிவிட்டது என்றால், கடைசி ஐந்து நிமிடம் நான் நின்றது ஐம்பது காசுக்கு. இத்தனை வருஷமாக ஒரு வெள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.