மலைக்காற்றில் பட்டம் குத்துகிறது, முச்சை (பட்டத்தை ஏற்றும் நூலோடு பிணைக்கும் கட்டு) தெரிந்தவர்கள் உதவுங்கள்

ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். சமாதானத்துக்காகப் பல நாடுகளில் 1986 முதல் பட்டம் விடும் நாள், ஒக்டோபர் இரண்டாம் ஞாயிறு. அன்று எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஏற்றவேண்டிய பட்டம் இது. மூன்றடி, மூங்கில், 'சமாதானம்', அதற்கே சிங்களத்தில் 'சாமய', இரண்டும் எழுதியிருக்கிறது.

பத்தடி எழும்பியதும் இடப்பக்கம் சுழன்று தேயிலைக்குள் குத்துகிறது. இரண்டு வாரமாக இதே கதை. மூங்கிலை இருபுறமும் சமமாகச் சீவினேன். வாலைப் பன்னிரண்டடியாக்கினேன், சுழற்சி நின்றது, ஆனால் ஏறவே மறுக்கிறது. மேட்டு மைதானத்துக்கும் போனேன். முகட்டைத் தாண்டி வரும் காற்று அங்கேயும் புரட்டுகிறது. நூலைக்கூட மாற்றியாயிற்று.

தொடாதது முச்சை மட்டும்: இரு நூல், உச்சியிலிருந்து ஓரடியில் முடிச்சு. பட்டத்துக்குப் பேர்போன வல்வெட்டித்துறைக்காரர்கள் யாரும் இருந்தால் சொல்லுங்கள்: இந்தக் காற்றுக்கு முடிச்சை மேலே ஏற்றுவதா, கீழே இறக்குவதா?